மூச்சுக் கணக்கு

தண்ணிக்குள் நாற்பது எண்ணுவேன்.
பாசி தட்டுப்பட்டால் ஐம்பது.
அதற்கு மேல் காது அடைக்கும்,
குருசடைத் தீவு தலைக்கு மேலே ஆடும்.

அன்றிரவு கொசுவலைக்கு வெளியே உட்கார்ந்து
உன் மூச்சை எண்ணினேன்.
பிறந்து ஐந்தாம் நாள்.
ஏழு, எட்டு மூச்சு விரசாக.
பிறகு நிறுத்திவிடுவாய்.
ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.
என் நெஞ்சும் உன்னோடு நின்றுகொள்ளும்.
ஐந்தில்
உதட்டைச் சுழித்து மறுபடி இழுப்பாய்,
பாறையை விட்டு மேலே வந்தவள் போல.

ரயில் பாலத்தில் ஏறும்போது
சின்னப்பாலத்து நாய்கள் அத்தனையும் குரைக்கும்.
நீ இமையைக்கூட அசைக்கவில்லை.
கடைசி சிக்னல் கிடைக்கும் இடத்திலிருந்து
உன் அப்பா மாரிக்கண்ணு கேட்டான்:
"பிள்ளை அழுதா?"
"இல்ல."
"நல்ல பிள்ளை."
அத்தோடு லைன் போயிற்று.

"தூங்குற பிள்ளதான் வளரும்,
நீயும் கொஞ்சம் படுடி" என்றாள்
பக்கத்து வீட்டு முனீஸ்வரி.
அவள் பெற்ற மூன்றும்
ராத்திரியெல்லாம் ஊரைக் கூட்டினவை.
உன்னைப் பொறாமையோடுதான் பார்த்தாள்.

நானும் நம்பினேன்.
தெற்கே ஆண்கடல் கச்சானில் அறைந்துகொண்டிருக்க
வடக்கே பெண்கடல்
எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது.
என் மகள் வடக்குக் கடலைப் பார்த்துப் பிறந்தவள் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கொடியில் துணி குறைந்ததைத்தான் முதலில் பார்த்தேன்.
மூன்றாம் நாள் நாலு.
நாலாம் நாள் மூன்று.
அன்று பொழுது சாய இரண்டே இரண்டு,
இரண்டாவதில் செங்கல் பொடி போல ஒரு கறை.
மார்பு கல்லாய்க் கனத்தது.
வாயில் வைத்தால் நாலு சப்பு,
அப்புறம் தாடை தொங்கிவிடும்.
பால் உன் கழுத்து மடிப்பில் வழிந்து
எறும்பு தேடி வந்தது.

விடிந்ததும் நர்ஸ் பாக்கியசீலி வந்தார்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே குனிந்தார்.
"பச்சப்பிள்ள ராப்பகலாத் தூங்கும்,
பதினாறு மணி, பதினேழு மணி, அது தப்பில்ல.
பசிக்கு முழிக்குதா? அதச் சொல்லு."
நான் கொடியைப் பார்த்தேன்.
உன் நெஞ்சில் விரல் வைத்து அழுத்தி எடுத்தார்.
எடுத்த இடத்தில்
வெயிலில் வெளுத்த பாசியின் மஞ்சள்.
தொடையில் அழுத்தினார்.
அங்கேயும்.

பாதத்தைச் சுண்டினார்.
மூன்றாவது சுண்டலுக்கு நெற்றி சுருங்கியது,
அழுகை வரவில்லை.
"ஆட்டோ பிடி. ராமநாதபுரம். இப்பவே."

பாலத்தின் மேல் காற்று
ஆட்டோவைப் பக்கவாட்டில் தள்ளியது.
இரண்டு கடலும் கீழே கிடந்தன.
எந்தக் கடலையும் நான் பார்க்கவில்லை.
சுண்டிக்கொண்டே போனேன், உச்சிப்புளி தாண்டியும்,
ஒவ்வொரு சுண்டலுக்கும் மன்னிப்புக் கேட்டபடி.
பாறையிடுக்கில் மரிக்கொழுந்துப் பாசி பிடுங்கிக்
காய்த்துப்போன விரல்கள் இவை.
மெதுவாகச் சுண்ட இவற்றுக்குத் தெரியாது.

கண்ணைக் கட்டி நீல வெளிச்சத்தில் போட்டார்கள்.
மூழ்கினால் நான் பார்க்கிற அதே நீலம்.
கண்ணாடி மாட்டிக்கொண்டு
தரையைத் தேடுகிறவள் மாதிரி
கையை விரித்துக் கிடந்தாய்.
இரண்டு மணிக்கொரு தடவை பீய்ச்சி
பாலாடையில் புகட்டச் சொன்னார்கள்.
எத்தனை மில்லி, எத்தனை துணி,
எல்லாவற்றையும் என் கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்.
டாக்டர் ஒரு எண் சொன்னார்,
அது இறங்க வேண்டும் என்றார்.
மேலே ஏறுவதற்குத்தான்
நான் இதுவரை எண்ணியிருக்கிறேன்.

இரண்டாம் ராத்திரி, மூன்றே கால் மணி.
வார்டே எழுந்துகொள்ள வீறிட்டாய்.
பக்கத்துக் கட்டில் தங்கச்சிமடத்துக்காரி
"அமத்தும்மா, இப்பத்தான் என்னுது கண்ணசந்துச்சு" என்று ஏசினாள்.
நீ பற்றிய பற்றில்
எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, வலியில்தான்.
இருட்டில் அவள் பக்கம் சாய்ந்து கேட்டேன்:
"உன்னுது இன்னைக்கு
எத்தன துணி நனைச்சுச்சு?"